வீட்டுச் சாப்பாட்டுடன் பழக்கமில்லாத வெள்ளை ஒயின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் வெள்ளை ஒயின் பெரும்பாலும் அன்பளிப்பாகத்தான் வீட்டுக்குள் வருகிறது. கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகள் கொண்டுவந்திருப்பாள், அல்லது வெளிநாடு போய் வந்த மருமகன் கொடுத்திருப்பார். ஒட்டுத்தாளில் உள்ள பெயரை வாசிக்கவே வராது. மேசையிலோ சோறு, மீன் கறி, சம்பல், அப்பளம். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்று கேட்பவர்களுக்கான பதில்கள் இவை. 21 வயதுக்கு மேற்பட்ட, குடிக்கலாம் என்று தாங்களே முடிவு செய்தவர்களுக்காக மட்டும் எழுதப்பட்டவை.

நம் சாப்பாட்டுக்கு வெள்ளை ஒயின் ஒத்துப்போகுமா?

போகும், ஆனால் எல்லா வெள்ளை ஒயினும் போகாது. புளி, தேங்காய்ப்பால், மஞ்சள், கறிவேப்பிலை ஆகியவை வெள்ளை ஒயினுக்கு நல்ல துணை. முரண்டு பிடிப்பது மிளகாய் ஒன்றுதான். அதைச் சமாளிக்கத் தெரிந்துகொண்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

மீன் சாப்பாட்டுக்குச் சிவப்பைவிட வெள்ளையே பொருத்தம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒயினில் இரும்புச் சத்து கூடுதலாக இருந்தால், மீனிலுள்ள கொழுப்போடு சேர்ந்து வாயில் ஒரு கவிச்சி வாடை கிளம்பும். பொதுவாகச் சிவப்பில் இரும்பு கூடுதல், வெள்ளையில் குறைவு.

மிளகாய் ஏன் ஒயினோடு மோதுகிறது?

மிளகாயில் உள்ள கேப்சைசின், வாயில் சூட்டை உணர்கிற நரம்பு முனைகளைத் தட்டி எழுப்புகிறது. உண்மையில் சூடு ஒன்றும் இல்லை; சுடுகிறது என்று மூளை நம்பிவிடுகிறது. ஆல்கஹாலும் அதே முனைகளைத்தான் தூண்டுகிறது. சாதாரணமாக 42 டிகிரிக்கு மேல் போனால்தான் அந்த முனை ‘சுடுகிறது’ என்று சொல்லும். ஆல்கஹால் பட்டால் 34 டிகிரியிலேயே சொல்லிவிடுகிறது என்று 2002-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. வாயின் சூடோ ஏறக்குறைய 37. அதனால்தான் 14 விழுக்காடு ஆல்கஹால் உள்ள ஒயினைச் சம்பலுக்கு மேல் குடித்தால், நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போல எரிகிறது.

எரிச்சலை ஒயின் கழுவிவிடும் என்று நினைத்துப் பெரிய மடக்காகக் குடிப்பவர்கள் உண்டு. கேப்சைசின் தண்ணீரில் கரையாது. 12 விழுக்காடு ஆல்கஹாலிலும் சொல்லும்படி கரையாது. ஒரு வாய் தயிர் செய்கிற வேலையை அரை போத்தல் ஒயின் செய்யாது.

காரத்தைத் தணிக்க ஒயினில் இரண்டு குணங்கள் வேண்டும்: கொஞ்சம் இனிப்பு, குறைந்த ஆல்கஹால். ஒயினுக்காகச் சமையலில் மிளகாயைப் பாதியாக்க வேண்டாம். சாப்பாடு சப்பென்று போனால் ஒயின் இருந்தும் பயனில்லை.

அந்த இரண்டு குணமும் இருக்கிறதா என்று ஒட்டுத்தாளைப் பார்த்தே சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். முதலில் ஆல்கஹால் விழுக்காட்டைப் பாருங்கள். திராட்சைச் சாற்றின் இனிப்பைத் தின்றுதான் ஈஸ்ட் ஆல்கஹாலை உண்டாக்குகிறது. ஆகவே விழுக்காடு குறைவாக இருந்தால், தின்னாமல் விட்ட இனிப்பு மிஞ்சியிருக்க வாய்ப்பு அதிகம். ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கில் விளையும் ரீஸ்லிங் என்ற திராட்சையின் ஒயினில் 8, 9 என்ற எண்ணைப் பார்த்தால் அதில் இனிப்பு இருக்கிறது என்று நம்பலாம். 12-க்கு மேல் போனால் அநேகமாக இனிப்பில்லாதது. போர்த்துகலின் வினோ வெர்தே இதற்கு விதிவிலக்கு: ஆல்கஹாலும் குறைவு, இனிப்பும் பெரும்பாலும் குறைவு. லேசாக நுரைப்பதால் காரத்தோடு இன்னும் கொஞ்சம் குத்தும்.

அடுத்து, இனிப்பைச் சொல்லும் சொற்கள். ஜெர்மன் போத்தலில் ‘ட்ரோக்கன்’ (trocken) என்றால் இனிப்பில்லாதது. ‘ஹால்ப்ட்ரோக்கன்’ (halbtrocken), ‘ஃபைன்ஹெர்ப்’ (feinherb) என்றால் மெல்லிய இனிப்பு. ‘கபினெட்’ (Kabinett) என்ற தரப் பெயர் எழுதியிருந்து பக்கத்தில் ‘ட்ரோக்கன்’ இல்லையென்றால் பெரும்பாலும் இனிப்புள்ளதுதான். பிரெஞ்சு போத்தலில் ‘செக்’ (sec) இனிப்பில்லாதது, ‘தெமி செக்’ (demi-sec) இளம் இனிப்பு, ‘மொல்லே’ (moelleux) நல்ல இனிப்பு. ஐரோப்பிய விதிப்படி லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை வரை இனிப்பில்லாத வகை; புளிப்பு போதுமான அளவு இருந்தால் 9 கிராம் வரை அனுமதி. நம் சம்பல், பெரட்டல் வகைகளுக்கு அதைத் தாண்டியதே தேவை. சில ரீஸ்லிங் போத்தல்களின் பின்புறத்தில் இனிப்பின் அளவைக் காட்டும் கோடும் அம்புக்குறியும் இருக்கும். இருந்தால் அதையே நம்புங்கள்.

முதல் தடவைக்கு ஒரே ஒரு வகை சொல்லுங்கள் என்றால்?

மோசல் ரீஸ்லிங் கபினெட். புளிப்பும் இனிப்பும் எலுமிச்சைச் சாற்றில் போல ஒன்றையொன்று பிடித்து நிற்கும். ஆல்கஹால் குறைவு. பெரும்பாலும் திருகு மூடி. கிடைக்கவில்லையென்றால் பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கில் செனின் பிளாங்க் திராட்சையில் செய்யும் வூவ்ரே தெமி செக். செனின் பிளாங்க் தென்னாப்பிரிக்காவில் மிகுதியாகப் பயிராகும் திராட்சை. ஆனால் அங்கிருந்து வருபவற்றில் இனிப்பில்லாதவையும் நிறைய. போத்தலைத் திருப்பிப் படித்துவிட்டு எடுங்கள்.

கெவுர்ஸ்ட்ராமினர் ‘காரச் சாப்பாட்டுக்கென்றே செய்தது’ என்கிறார்களே?

பாதிதான் உண்மை. லைச்சிப் பழத்துக்கு மணம் தரும் அதே பொருள் இந்த ஒயினிலும் இருக்கிறது. மூக்கருகே கொண்டுபோனாலே லைச்சி டின்னைத் திறந்தது போல வீசும். இஞ்சி, பட்டை, ஏலம் மணக்கும் கோழிக் கறியோடு அருமையாகச் சேரும். ஆனால் இதில் ஆல்கஹால் பெரும்பாலும் 13, 14 விழுக்காடு, புளிப்பும் குறைவு. மசாலா மணம் கூடி, மிளகாய் மட்டான கறிக்கு எடுங்கள். நெத்திலிச் சம்பலுக்கு வேண்டாம்.

அன்பளிப்பாக வந்தது சார்டனே. வீணா?

வீணில்லை. மரப்பீப்பாயில் வைத்த சார்டனேயில் மரத்தின் துவர்ப்பு ஏறியிருக்கும். மிளகாய் அந்தத் துவர்ப்பைக் கசப்பாக மாற்றிவிடும். அதற்குக் காரமில்லாத சாப்பாடு போடுங்கள்: வெண்ணெயில் பிரட்டிய இறால், மிளகாய் சேர்க்காத தேங்காய்ப்பால் கோழி, முந்திரி போட்ட நெய்ச்சோறு. ஊறுகாயைத் தள்ளி வைத்துவிடுங்கள்.

எங்கே வாங்குவது? கொண்டுவரும் வழியில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஊரில் மதுபானக் கடை இருந்தாலும் வெள்ளை ஒயினில் தேர்வு குறைவாகவே இருக்கும். ஈப்போவில் உள்ள பெரிய பேரங்காடிகளின் ஹலால் அல்லாத பகுதியில் நிறைய வகை கிடைக்கும். பணம் கட்டும் இடமும் அங்கே தனியாக இருக்கும். குளிரூட்டிய கடையில் வாங்குவது முக்கியம். தகரக் கூரைக்குக் கீழே மாதக்கணக்கில் வெயில் காய்ந்த போத்தலை எந்த விலைக்கும் எடுக்காதீர்கள்.

எடுக்கும்போது மூன்றைப் பாருங்கள். தக்கை மேலே புடைத்திருந்தாலோ கழுத்தில் பிசுபிசுப்பு இருந்தாலோ சூடு தாக்கியிருக்கிறது. வெள்ளைக் கண்ணாடிப் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் நின்றிருந்தால், பின்வரிசையில் இருப்பதை எடுங்கள். அறுவடை ஆண்டு, மலிவான இளம் ஒயின் என்றால் இரண்டு மூன்று ஆண்டுக்கு மேல் பழையதாக இருக்க வேண்டாம். பழையது என்றால் உசத்தி என்ற எண்ணம் இந்த வகைக்குச் செல்லாது.

வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் சூடு 50 டிகிரியைத் தாண்டும். ஒயினைக் கடைசியாக வாங்கி நேரே வீட்டுக்கு வாருங்கள். வழியில் சந்தைக்கோ கோயிலுக்கோ போக வேண்டியிருந்தால், மீன் வாங்க எடுத்துப்போகும் ஐஸ் பெட்டியில் துணியால் சுற்றி வையுங்கள்.

எவ்வளவு நேரம் குளிர வைக்க வேண்டும்?

குடிக்கும்போது 8 முதல் 10 டிகிரி. 30 டிகிரியில் இருக்கும் போத்தல் சாதாரண ஃபிரிட்ஜில் அந்த அளவுக்கு வர இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். கதவுத் தட்டில் வைக்காமல் உள்ளே படுக்க வையுங்கள். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் தட்டுக்குத்தான் முதலில் சூடு.

அவசரமென்றால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு. போத்தல் கழுத்துவரை மூழ்க வேண்டும். இருபது, இருபத்தைந்து நிமிடம் போதும். தண்ணீர் ஊற்றாமல் ஐஸை மட்டும் போட்டால் நேரம் கூடும். ஐஸ் கட்டிகளுக்கு நடுவே காற்று நிற்கும். காற்று சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். உறைபெட்டியில் வைத்துவிட்டு மறந்தால் உள்ளே உறைந்து பெருத்து, தக்கை வெளியே தள்ளும் அல்லது போத்தல் வெடிக்கும்.

நம் ஊர்ச் சூட்டில் பெரிய தவறு நடப்பது ஊற்றிய பிறகுதான். கிளாஸ் நிறைய ஊற்றினால், பேசிக்கொண்டே சாப்பிடும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஒயின் வெதுவெதுப்பாகி ஆல்கஹால் மூக்கில் ஏறும். ஒரு தடவைக்கு 75 மில்லிலிட்டர், அதாவது காப்பிக் குவளையில் கால் பங்கு அளவு ஊற்றுங்கள். போத்தல் வாளியிலேயே இருக்கட்டும். ஒயினுக்குள் ஐஸ் கட்டி போட்டால் பாவமொன்றும் இல்லை. ஆனால் முதல் போத்தலில் வேண்டாம். அதன் சொந்தச் சுவை தெரியாமலே போய்விடும்.

ஒயின் கிளாஸ் இல்லை.

மெல்லிய கண்ணாடி டம்ளர் போதும். 250 மில்லிலிட்டர் பிடிக்கும் டம்ளரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். மணம் தங்க மேலே இடம் வேண்டும். எவர்சில்வர் டம்ளரில் மணமும் நிறமும் தெரியாது. கழுவிய சோப்பு வாசனை போக வெறும் தண்ணீரில் இரண்டு முறை அலசிக் கவிழ்த்து வையுங்கள். அடுப்படித் துணியால் துடைத்தால் பெலாச்சான் வாசம் ஒட்டும்.

கொசுவத்திச் சுருளும் ஊதுபத்தியும் சாம்பிராணியும் எந்த ஒயினையும் மறைத்துவிடும். சுருளைச் சாப்பிடுவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பே அணைத்து, காற்றாடியைப் போட்டு வையுங்கள். வெற்றிலை போட்ட வாயோடு சுவைத்துப் பார்ப்பதும் பலனில்லை.

தக்கையைத் திறக்கும் திருகாணி வீட்டில் இல்லை. என்ன செய்வது?

கரண்டிக் காம்பால் தக்கையைப் போத்தலுக்குள் தள்ளிவிட்டு, தேநீர் வடிகட்டியில் வடித்து ஊற்றலாம். கத்தியால் குத்தி எடுக்கப் பார்க்காதீர்கள், கை கிழியும். அடுத்த முறை திருகு மூடியாகவே வாங்குங்கள். அது மலிவுக்கு அடையாளம் இல்லை.

முதல் தடவைக்கு என்ன சமைக்கலாம்?

மீன் சொதி. தேங்காய்ப்பாலின் கொழுப்பை ஒயினின் புளிப்பு வெட்டும். பச்சை மிளகாயின் காரம் மட்டாகத்தான் இருக்கும். நான்கு பேருக்கான அளவு: தெங்கிரி அல்லது பாவால் துண்டுகள் 500 கிராம், தேங்காய்ப்பால் 200 மில்லிலிட்டர், தண்ணீர் 300 மில்லிலிட்டர், சின்ன வெங்காயம் 10, கீறிய பச்சை மிளகாய் 3, விரல் நீள இஞ்சி, தக்காளி 1, வெந்தயம் கால் தேக்கரண்டி, மஞ்சள் தூள் அரைத் தேக்கரண்டி, கறிவேப்பிலை 2 இணுக்கு, உப்பு, எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி.

தண்ணீரில் வெங்காயம், மிளகாய், இஞ்சி, தக்காளி, வெந்தயம், மஞ்சள் தூள், கறிவேப்பிலை, உப்பு போட்டு எட்டு நிமிடம் கொதிக்க விடுங்கள். மீனைப் போட்டு ஆறேழு நிமிடம். பிறகு தீயைக் குறைத்துத் தேங்காய்ப்பாலை ஊற்றி, ஓரத்தில் சின்னக் குமிழி வந்ததும் அடுப்பை அணையுங்கள். தளதளவென்று கொதித்தால் பால் திரியும். எலுமிச்சைச் சாறு அணைத்து இரண்டு நிமிடம் கழித்துத்தான். சூட்டோடு ஊற்றினாலும் திரியும்.

தொட்டுக்கொள்ளக் காங்கோங் பெரட்டல், வெள்ளரிக்காய், பொரித்த அப்பளம். சம்பலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள்; அதற்கு வேலை பின்னால் வருகிறது.

சுவைத்துப் பார்ப்பதில் முறை ஏதும் உண்டா?

உண்டு. முதலில் ஒயினை மட்டும் ஒரு வாய். புளிக்கிறதா, இனிக்கிறதா, தொண்டையில் சுடுகிறதா என்று கவனியுங்கள். அடுத்து அப்பளம் ஒரு துண்டு, மறுபடி ஒயின். உப்பும் எண்ணெயும் புளிப்பை மழுக்குவது உடனே தெரியும். பிறகு சோறும் சொதியும் ஒரு கவளம், மறுபடி ஒயின். எலுமிச்சை சேர்ந்த சாப்பாட்டுக்குப் பிறகு அதே ஒயின் முன்பைவிட இனிப்பாகவும் பழச்சுவையோடும் தோன்றும். கடைசியாக விரல் நுனியளவு சம்பலைச் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டுவிட்டு ஒரு வாய். எரிச்சல் அடங்கினால் இந்தப் போத்தல் உங்கள் வீட்டுக் காரத்தைத் தாங்கும். கூடினால் மீதியைச் சொதியோடு மட்டும் குடியுங்கள்.

முதல் வாயிலேயே ‘புளிக்கிறது, பிடிக்கவில்லை’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். சாப்பாட்டுக்கென்று செய்த ஒயின் வெறும் வாயில் புளிக்கத்தான் செய்யும். ரசத்தை நாம் சோறில்லாமல் எடை போடுவதில்லையே.

கேசரி, பாயாசத்தோடு குடிக்கலாமா?

வேண்டாம். லட்டு தின்றுவிட்டுத் தேநீர் குடித்தால் சீனியே போடாதது போல இருக்குமல்லவா? ஒயினுக்கும் அதே கதிதான். சாப்பாடு ஒயினைவிட இனிப்பாக இருந்தால் ஒயினில் புளிப்பு மட்டுமே மிஞ்சும். இனிப்புக் கிச்சாப் ஊற்றிப் பெரட்டிய கோழிக்கும் இதை நினைவில் வையுங்கள்.

வேறு எந்தக் கறிக்கு எது?

மிளகு ரசம், மிளகுக் கோழி என்றால் ஆஸ்திரியாவின் குரூனர் வெல்ட்லினர். மிளகுக்கு மணம் தரும் ரொட்டண்டோன் என்ற பொருளே இந்த ஒயினிலும் இருக்கிறது. மிளகின் காரம் மிளகாயைவிட மென்மையாக அடங்குவதால், இனிப்பில்லாத ஒயினும் இங்கே நிற்கும். வறுத்த மீன், இறால், நண்டுக்கு ஸ்பெயினின் ரியாஸ் பைஷாஸ் பகுதியிலிருந்து வரும் அல்பரீன்யோ. எலுமிச்சை பிழிந்த இடத்தில் அது வேலை செய்யும். கெட்டியான புளி போட்ட மீன் கறிக்குப் புளிப்பு கூடிய ரீஸ்லிங்கைத் தவிர மற்றவை தண்ணீராகத் தெரியும். ஆட்டுப் பெரட்டலுக்கு வெள்ளை ஒயினை வற்புறுத்தாதீர்கள். பாகற்காய்க்கு எதுவும் சேராது.

ஒயின் கெட்டுப்போயிருந்தால் எப்படித் தெரியும்?

நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் தக்கையிலிருந்து கெட்டது. வெட்டி வைத்துப் பழுப்பேறிய ஆப்பிள் வாசமும் அடர்ந்த நிறமும் இருந்தால் காற்று புகுந்திருக்கிறது. காடி நெடி வந்தால் ஊற்றிவிடுங்கள். அடியில் சீனிக் கற்கள் போலத் துகள்கள் இருந்தால் கவலை வேண்டாம். அவை குளிரில் படியும் டார்டாரிக் உப்பு. கண்ணாடித் தூள் இல்லை, தீங்கும் இல்லை.

எவ்வளவு குடிக்கலாம்? யார் குடிக்கக் கூடாது?

தோட்டங்களில் கள்ளும் சம்சுவும் எத்தனை குடும்பங்களைச் சாய்த்தன என்பதை நம் மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறோம். 750 மில்லிலிட்டர் போத்தல் நான்கு பெரியவர்களுக்கு, முழுச் சாப்பாட்டு நேரத்துக்கும். மிஞ்சினால் மிஞ்சட்டும். 12.5 விழுக்காடு ஒயின் 150 மில்லிலிட்டரில் ஏறக்குறைய 15 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 320 மில்லிலிட்டர் பீர் டின், 5 விழுக்காடு என்றால் 12.6 கிராம்தான். ‘இது வெறும் திராட்சைச் சாறு’ என்று சொல்லி யாருக்கும் ஊற்றாதீர்கள்.

கர்ப்பிணிகளுக்கு ஒரு சொட்டும் கூடாது. இனிப்பு நீர், இரத்த அழுத்தம், வலிப்பு, தூக்கம் ஆகியவற்றுக்கு மருந்து எடுப்பவர்கள் முதலில் மருத்துவரையோ மருந்தாளரையோ கேட்க வேண்டும். கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்ஃபைட் இருப்பதால் ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சு இறுகலாம். குடியை விட்டவர் இருக்கும் வீட்டில் அவர் எதிரே போத்தலைத் திறக்கவே வேண்டாம். முஸ்லிம் நண்பர்கள் விருந்துக்கு வரும் நாளில் ஒயினை மேசைக்குக் கொண்டுவராமல் இருப்பதே மரியாதை.

குடித்தவர் வண்டி ஓட்டக் கூடாது. மோட்டார் சைக்கிளும் வண்டிதான். 2020 அக்டோபரிலிருந்து சட்ட வரம்பு 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 50 மில்லிகிராம். உங்கள் உடம்பு எதில் நிற்கும் என்று கணக்குப் போட்டு ஓட்டுவதைவிட, விருந்தினரை அன்றிரவு தங்க வைப்பது மேல்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒயினில் தடை ஏதும் உண்டா?

இருக்கலாம். ஒயினைத் தெளிவாக்கச் சில இடங்களில் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசை, முட்டை வெள்ளை, பால் புரதம் ஆகியவற்றைப் பயன்படுத்துகிறார்கள். பெண்டோனைட் என்ற களிமண்ணால் தெளிய வைப்பவர்களும் நிறைய. போத்தலில் ‘வீகன்’ என்ற சொல் இருந்தால் விலங்குப் பொருள் சேரவில்லை. அது இல்லையென்றால் உறுதியாகச் சொல்ல முடியாது.

மிஞ்சியதை என்ன செய்வது?

மூடியைத் திருகி உடனே ஃபிரிட்ஜில் நிறுத்தி வையுங்கள். இரண்டு மூன்று நாள் தாங்கும். பாதிக்குக் கீழே போயிருந்தால் கழுவி உலர்த்திய சின்னக் கண்ணாடிப் போத்தலில் விளிம்புவரை ஊற்றி மூடினால், உள்ளே காற்று குறைந்து இன்னும் நன்றாக நிற்கும். மேசை மேலேயே விட்டால் நம் சூட்டில் மறுநாளே மணம் போய்விடும். குடிக்கப் பிடிக்கவில்லையென்றால், இறால் வதக்கும்போது 50 மில்லிலிட்டர் ஊற்றிப் பெரிய தீயில் வற்ற விடுங்கள். வற்றினாலும் ஆல்கஹால் முழுவதும் போய்விடாது. ஆகவே குழந்தைகளுக்கான இறாலை அதற்கு முன்பே தனியாக எடுத்து வையுங்கள்.